கிறிஸ்தவ மரபில் அமைதி வேளை

தமிழில் ‘இளைப்பாறுதல்’ என்னும் அழகிய சொல் ஒன்று உண்டு. இளைப்பு என்பது களைப்பு. ஆறுதல் என்பது சூடு தணிதல். காய்ச்சிய பால் ஆறுகிறது. பட்ட புண் ஆறுகிறது. கொதித்த மனமும் ஆறுகிறது. அவ்வாறே இளைத்தவன் ஆறுவது இளைப்பாறுதல். தமிழ் விவிலியத்தில், இறைவன் மனிதனுக்கு அளிக்கும் ஓய்வைக் குறிக்க இச்சொல்லே பல இடங்களில் வழங்குகிறது. வெறும் ஓய்வு என்றால் வேலை நிற்பது மட்டுமே பொருளாகும். இளைப்பாறுதல் என்றாலோ, நின்றபின் உள்ளே நிகழும் தணிவும் அதனுள் அடங்கிவிடுகிறது.

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இவ்விரண்டின் வேறுபாடு நன்கு தெரியும். மும்பையில் காலை வண்டியில் நெரிசலுக்குள் நின்றுகொண்டு சென்று, நாள் முழுதும் பிறர் மொழியிலே பேசி, பிறர் மொழியிலே கணக்கெழுதி, இரவு அறைக்குத் திரும்புகிறவன் படுக்கிறான், உறங்கவும் செய்கிறான். ஆயினும் விடியும்போது களைப்பு முழுதும் போய்விடவில்லை என்று உணர்கிறான். உடம்பு ஓய்ந்தது, உள்ளம் ஆறவில்லை. தில்லியில் அலுவலகம் செல்வோருக்கும், சூரத்தில் கூலி வேலை செய்வோருக்கும், கொல்கத்தாவில் குடும்பத்தோடு மூன்று தலைமுறையாக வாழ்வோருக்கும் இந்த அனுபவம் ஏதோ ஓர் அளவில் உண்டு.

இக்களைப்புக்குக் கிறிஸ்தவ சமயம் நீண்ட காலமாக ஒரு மருந்து சொல்லி வருகிறது. நாள்தோறும் சிறிது நேரத்தைத் தனியே ஒதுக்கி, திருநூலின் ஒரு பகுதியை மெல்லப் படித்து, இறைவன் திருமுன் பேசாது அமர்ந்திருப்பதே அது. சீர்திருத்தத் திருச்சபையார் இதனை ‘அமைதி வேளை’ என்றும் ‘தியான வேளை’ என்றும் கூறுவர். கத்தோலிக்கத் தமிழர் சில நாள் ஒதுங்கியிருந்து செய்யும் தியானத்தை ‘ஞான ஒடுக்கம்’ என்றனர். ஒடுங்குதல் என்றவுடன் நம் நாட்டுத் துறவியர் பலர் ஒடுங்கியிருந்த குகைகளும் நினைவுக்கு வருகின்றன அன்றோ? எந்தச் சமயத்தைச் சேர்ந்த தமிழருக்கும் விளங்கக் கூடிய சொல் அது. இப்பழக்கம் எங்கிருந்து வந்தது, எவ்வாறு வேலை செய்கிறது, அயலூரில் வாழ்வோருக்கு அதில் என்ன உண்டு என்பனவற்றை இங்கே ஆராய்வோம்.

இதன் வேர் யூதரின் ஓய்வுநாள் கட்டளையில் இருக்கிறது. ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருக்க வேண்டும் என்பது அக்கட்டளை. வீட்டுத் தலைவன் மட்டும் ஓய்ந்தால் போதாது. அவன் மகனும் மகளும், பணியாளும் பணிப்பெண்ணும், எருதும் கழுதையும், அவன் ஊரில் தங்கியிருக்கும் அயலானும் ஓய வேண்டும் என்று அது விரித்துச் சொல்கிறது. இணைச்சட்டம் என்னும் நூல் அதற்குக் காரணமும் காட்டுகிறது: நீங்களும் ஒரு காலத்தில் எகிப்தில் அடிமைகளாக இருந்தீர்கள் என்பதே அக்காரணம். அயல்நாட்டில் ஓய்வின்றி உழன்றவர்களே ஓய்வின் அருமையை அறிந்து, அதனைப் பிறர்க்கும் உரிமையாக்கினர். ஆகவே கிறிஸ்தவ மரபில் இளைப்பாறுதல் என்பது பக்தியோடு நீதியையும் சேர்த்தே பிறந்தது. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மையாருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்புக் கொடாமல் நாம் மட்டும் கண்மூடி அமர்வது அக்கட்டளைக்குப் பொருந்தாது என்பது நம் கருத்து.

விவிலியத்தில் களைத்துப்போன மனிதர் ஒருவரை விரிவாகக் காண வேண்டுமாயின் இறைவாக்கினர் எலியாவின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். அரசி யேசபேல் அவரைக் கொல்லச் சூளுரைத்தாள். எலியா உயிருக்கு அஞ்சி ஓடினார். பணியாளனை வழியில் விட்டுவிட்டுப் பாலைநிலத்தில் ஒருநாள் வழி நடந்தார். ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, போதும், இனிச் சாவதே நலம் என்று வேண்டிக்கொண்டு உறங்கிப்போனார். இந்நிலையில் இருப்பவரிடம் நாமாக இருந்தால் என்ன சொல்வோம்? தைரியமாக இரு என்போம். நம்பிக்கை இழக்கலாமா என்று கடிந்து கொள்வோம். விண்ணிலிருந்து வந்த தூதனோ உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. அவரைத் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தலைமாட்டில் தழலிற் சுட்ட அடையும் ஒரு குவளை நீரும் இருந்தன. எலியா உண்டார், குடித்தார், மீண்டும் படுத்துக்கொண்டார். தூதன் அதற்கும் கோபிக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பி, போக வேண்டிய வழி நீண்டது என்று கூறி மறுபடியும் உண்ணச் செய்தான்.

அதன்பின் 40 நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்த எலியா ஒரு குகையில் தங்கினார். மலைகளைப் பிளக்கும் பெருங்காற்று வீசியது. காற்றில் இறைவன் இல்லை. நிலம் அதிர்ந்தது, அதிர்ச்சியில் அவர் இல்லை. தீ எழுந்தது, தீயிலும் இல்லை. எல்லாம் அடங்கியபின் மெல்லிய ஓர் ஒலி வந்தது. அதைக் கேட்ட எலியா மேலாடையால் முகத்தை மூடிக்கொண்டு குகை வாயிலில் வந்து நின்றார்.

இவ்வரலாற்றில் பலரும் அந்த மெல்லிய ஒலியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வர். நமக்கோ அதற்கு முன்வந்த அடையும் நீரும் உறக்கமும் அதைவிட முக்கியமாகத் தோன்றுகின்றன. பட்டினியாலும் தூக்கக் குறைவாலும் வந்த சோர்வை ஜெபத்தால் மட்டும் தீர்க்க முயல வேண்டாம் என்று அக்கதையே நமக்குச் சொல்கிறது. இரவு வேலை முடித்து வருகிறவர் முதலில் உண்ண வேண்டும், உறங்க வேண்டும். அமைதி வேளை அதற்குப் பின்னர். இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. நான் ஒருவனே மிஞ்சினேன் என்பது எலியாவின் முறையீடு. குகை வாயிலிலும் அதையே திருப்பிச் சொல்கிறார். அவருக்குக் கிடைத்த விடையில், இஸ்ரயேலில் உன்னைப் போன்றோர் இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்ற செய்தியும், உனக்குத் துணையாகவும் உனக்குப் பின்னும் இருக்க எலிசா என்பவனைத் தேடிக்கொள் என்ற கட்டளையும் அடங்கியிருந்தன. அமைதியில் சென்று அமர்ந்தவர் மக்களிடம் திருப்பி அனுப்பப்பட்டார்.

நற்செய்தி நூல்களில் இயேசுவின் நடைமுறையும் இத்தகையதே. மாற்கு எழுதிய நற்செய்தியின் தொடக்கத்தில் ஒரு மாலை முழுதும் ஊரே வாயிலில் கூடி நிற்க, அவர் நோயாளிகளைக் குணமாக்குகிறார். மறுநாள் இருள் நீங்குமுன் எழுந்து தனிமையான ஓரிடத்திற்குச் சென்று வேண்டிக்கொண்டிருக்கிறார். சீடர்கள் தேடிப் பிடித்து, எல்லோரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று சொல்ல, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்று அவர் எழுந்து புறப்படுகிறார். அதே நூலில் பின்னொரு நாள், வருவோரும் போவோருமாய் உண்ணவும் நேரமில்லாதபோது, சீடர்களைச் சற்று இளைப்பாறத் தனியிடத்துக்கு வரும்படி அழைக்கிறார். படகில் ஏறிப் போகிறார்கள். ஆனால் மக்கள் கரைவழியே ஓடி அவர்களுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்! நினைத்த ஓய்வு கைகூடவில்லை. இயேசு அவர்கள்மீது எரிந்து விழாமல் இரக்கம் கொண்டு போதிக்கத் தொடங்குகிறார். குழந்தை அழுது தியானம் கலைந்துவிட்டதே என்று வருந்தும் தாய்மார்கள் இப்பகுதியை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

கிறிஸ்து பிறந்து மூன்று நூற்றாண்டு கழிந்தபின், எகிப்தின் பாலைவனத்தில் இப்பழக்கம் ஒரு வாழ்க்கை முறையாகவே வளர்ந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் வனத்து அந்தோணியார் என்று போற்றும் அந்தோணியார் அதற்கு வழிகாட்டியவர்களுள் தலையாயவர். (கையில் குழந்தை இயேசுவோடு காட்சி தரும் பதுவை அந்தோணியார் இவருக்கு ஏறத்தாழ 900 ஆண்டு பிந்தியவர்.) அந்தோணியாரைப் பின்பற்றிப் பாலைக்குச் சென்றோர் பலர். அவர்களுள் எவாகிரியுஸ் என்பவரைப் பற்றி நாம் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் அவரும் நம்மைப்போல் ஊர் விட்டு வந்தவர்.

எவாகிரியுஸ் கருங்கடலை அடுத்த பொந்து நாட்டில் பிறந்தார். கான்ஸ்தாந்திநோபிள் நகரத் திருச்சபையில் பணியாற்றிப் பெயர் பெற்றார். பின்னர் எல்லாவற்றையும் விட்டு எகிப்துக்கு வந்து, 399-இல் இறக்கும்வரை பாலைவனக் குடில்களில் வாழ்ந்தார். தனித்திருக்கும் துறவிக்கு வரும் சோதனைகளை அவர் வரிசைப்படுத்தி எழுதினார். அவற்றுள் மிகக் கொடியதாக அவர் கருதியது நண்பகலில் வரும் மனச்சலிப்பு. அது வரும்போது என்னென்ன நிகழும் என்று அவர் எழுதியிருப்பது 1,600 ஆண்டு கடந்தும் பழையதாகவில்லை. கதிரவன் நகரவே மாட்டான் போலத் தோன்றும். நாள் 50 மணி நேரம் நீளும். துறவி சன்னல் வழியே அடிக்கடி எட்டிப் பார்ப்பான்; யாரேனும் தன்னைக் காண வருகிறார்களா என்று வெளியே நோக்குவான். இருக்கும் இடம் வெறுக்கும், கைவேலை வெறுக்கும். உடனிருப்போர் அன்பற்றவராகத் தோன்றுவர். வேறோர் ஊரில் பிழைப்பு எளிது என்று மனம் பேசும். உற்றார் உறவினரும் பழைய வாழ்வும் கண்முன் வந்து நிற்கும். வாழ்நாள் இன்னும் எவ்வளவு நீளமோ என்று மலைப்புண்டாகும்.

இது பாலைவனத் துறவியின் குறிப்போ, ஞாயிறு பிற்பகலில் விடுதி அறையில் தனியே படுத்திருக்கும் நம் இளைஞன் ஒருவனின் நாட்குறிப்போ என்று ஐயுறத் தோன்றுகிறது. அக்காலத்தில் சன்னலை எட்டிப் பார்த்தனர். இன்று கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறோம். ஊரிலிருந்து செய்தி வந்ததா, யாரேனும் நம்மை நினைத்தார்களா என்று. சன்னலுக்கும் கைப்பேசிக்கும் இங்கே அதிக வேறுபாடில்லை.

எவாகிரியுஸ் கூறிய மருந்து என்ன? குடிலை விட்டு ஓடாதே என்பது முதலாவது. ஓடினால் சலிப்பும் உடன் வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். உன் உள்ளத்தை இரண்டாகப் பகுத்துக்கொள், ஒரு பாதி தேற்றட்டும், மறுபாதி தேறட்டும் என்பது இரண்டாவது. அதற்கு அவர் எடுத்துக்காட்டுவது, கோயிலுக்குப் போக முடியாமல் தொலைநாட்டில் தவிக்கும் ஒருவன் தன் ஆன்மாவை நோக்கி, ஏன் கலங்குகிறாய் என்று வினவும் சங்கீதப் பாடலை. பிரிவுத் துயரை மறைக்க வேண்டாம், அதையே ஜெபமாக்கு என்பது இதன் கருத்து. சங்கீதங்களில் பெரும்பகுதி முறையீடே என்பதைப் பலர் அறியார். ஏன் மறந்தாய், எத்தனை காலம் என்று இறைவனோடு வழக்காடும் பாடல்கள் அங்கே நிரம்பக் கிடக்கின்றன. அமைதி வேளையில் சாந்தமாகவே பேச வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

தனிமை வேறு, தனித்திருத்தல் வேறு. முன்னது நம்மீது வந்து விழுவது. பின்னது நாமே தேர்ந்துகொள்வது. அயலூர் வாழ்வில் முன்னதற்குக் குறைவே இல்லை. கேட்காமலே அது நமக்கு நிறையக் கிடைத்திருக்கிறது. வந்து விழுந்த அத்தனிமையில் ஒரு கால் மணி நேரத்தையேனும் எடுத்து, ஒருவர் திருமுன் தனித்திருக்கும் நேரமாக மாற்ற முடியுமா என்பதுதான் இம்மரபு நம்மிடம் கேட்கும் கேள்வி.

இதைச் செய்யும் முறையையும் முன்னோர் வகுத்தனர். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் ஆசீர்வாதப்பர் என்னும் பெனெடிக்ட் தம் மடத்திற்கு எழுதிய ஒழுங்குநூல் நாளை ஜெபத்துக்கும் கைவேலைக்கும் படிப்புக்கும் பகுத்துக் கொடுத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியர் சபையைச் சேர்ந்த இரண்டாம் குய்கோ என்பவர், படித்தல், சிந்தித்தல், வேண்டுதல், ஆழ்ந்திருத்தல் என அதனை நான்கு படிகளாக்கினார். அவர் கையாண்ட உவமை உணவு: படித்தல் வாயில் கவளம் இடுவது, சிந்தித்தல் அதை மெல்லுவது, வேண்டுதல் சுவையைப் பெறுவது, ஆழ்ந்திருத்தல் சுவையாகவே இருப்பது. விழுங்கிவிட்டு அடுத்த கவளத்துக்குக் கை நீட்டும் பழக்கமுடையவர்க்கு இம்முறை தொடக்கத்தில் சலிப்பூட்டும். பத்து வரி போதும். மூன்று அதிகாரம் தேவையில்லை.

லொயோலா நகர் இஞ்ஞாசியார் 30 நாள் தியானப் பயிற்சி ஒன்றை அமைத்தார். அந்நூல் 1548-இல் அச்சேறியது. முப்பது நாள் ஒதுங்கியிருக்க யாரால் முடியும் என்று கேட்கத் தோன்றும். அதற்கும் அவரே வழி சொல்லியிருக்கிறார்: உலக அலுவலில் உள்ளவர்கள் வேலையை விடாமலே நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, நீண்ட காலத்தில் அதே பயிற்சியை முடிக்கலாம். சீர்திருத்தத் திருச்சபைகளில் இப்பழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலாயிற்று. மாணவர்கள் அதனைக் ‘காலைக் காவல்’ என்றனர். 1879-இல் இங்கிலாந்தில் நாள்தோறும் படிக்க வேண்டிய பகுதியைக் குறிக்கும் சிறு அட்டை ஒன்று வழங்கத் தொடங்கி, பல நாடுகளுக்கும் சென்றது. இவ்வாறு மடத்தில் பிறந்த முறை வீட்டு அறைக்கு வந்து சேர்ந்தது.

வீட்டு அறை என்றோம். ஓர் அறையில் ஆறு பேர் தங்கியிருந்தால் என்ன செய்வது? இங்கே இருவரை நினைவூட்டுவோம். ஜான் வெஸ்லி என்னும் சமயப் பெரியாரின் தாயார் சூசன்னா வெஸ்லி 19 பிள்ளைகளைப் பெற்றவர். அவர்களுட் பலர் இளமையிலே இறந்தனர். வீட்டில் ஒதுங்க இடமில்லாதபோது தம் மேலங்கியின் முன்துணியை எடுத்துத் தலைமேல் போட்டுக்கொள்வார் என்றும், அம்மா ஜெபத்தில் இருக்கிறாள் என்று பிள்ளைகள் அறிந்து சந்தடியின்றி இருப்பர் என்றும் கூறுவர். முந்தானையால் முக்காடிட்டு ஜெபிக்கும் நம் பெண்களுக்கு இது விளக்க வேண்டியதில்லை. அந்த முக்காடே ஓர் அறை. மற்றவர் 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையற்காரராக இருந்த லாரன்ஸ் சகோதரர். முன்னாளில் படைவீரர். சமையல் வேலை அவருக்கு இயல்பாகப் பிடிக்காதது. அதையே 15 ஆண்டுகள் வரையில் செய்தார். கோவிலில் முழந்தாளிட்டிருக்கும் வேளைக்கும் அடுப்படியின் ஆரவாரத்துக்கும் இடையே தமக்கு வேறுபாடு இல்லாதவாறு, ஓயாமல் இறைவனோடு உள்ளுக்குள் பேசிப் பழகினார். ஆனால் அந்நிலை ஒரு நாளில் வரவில்லை. பல ஆண்டு போராட்டத்துக்குப் பின்னரே வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். தொடங்குகிறவர் அவரை முதல் நாளிலேயே பின்பற்ற முயல்வது கடினம். முதலில் ஒரு நேரமும் ஓர் இடமும் வேண்டும். மாடிப்படியாக இருக்கலாம்; பூங்காவின் கல்லிருக்கையாக இருக்கலாம்; அலுவலகம் நிரம்புமுன் வரும் பத்து நிமிடமாக இருக்கலாம். நகரங்களில் பகலில் திறந்திருக்கும் கோவில்கள் பல உண்டு. வழிபாடு இல்லாத நேரத்தில் பின்வரிசையில் சென்று அமர்ந்தால், ஏன் வந்தாய் என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

அமர்ந்தவுடன் அமைதி வரும் என்று எதிர்பார்க்கலாகாது. முதலில் வருவது இரைச்சல்தான். ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம், வாடகை, மேலதிகாரியின் சொல், தங்கையின் திருமணம் எல்லாம் அணிவகுத்து வரும். வெளியே ஓசை அடங்கியதால் உள்ளே இருந்த ஓசை கேட்கிறது, அவ்வளவே. அவற்றோடு மல்லுக்கு நிற்காமல், வந்தவற்றை ஒவ்வொன்றாக இறைவனிடம் பெயர் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் படித்த வரிக்குத் திரும்புவது நல்ல முறை. இருபது முறை மனம் சிதறினால் இருபது முறை திரும்பலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். பகல் முழுதும் இந்தியிலோ மராத்தியிலோ வங்காளத்திலோ ஆங்கிலத்திலோ பேசும் நாவுக்கு, தாய்மொழியில் இறைவனோடு பேசுவதே பாதி இளைப்பாறுதல். இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சிட்ட புதிய ஏற்பாட்டைக் கண்டது தமிழ். சீகன்பால்கு 1714-15-இல் தரங்கம்பாடியில் அதனை வெளியிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலந்தொட்டு வீடுகளில் பாடிவரும் கீர்த்தனைகள் வேறு. வெளிமாநிலத்தில் பிறந்து தமிழ் எழுத்தறியாத பிள்ளைகள்கூடப் பாட்டியிடம் கேட்ட கீர்த்தனையை முணுமுணுப்பதைக் காண்கிறோம். அவர்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ படித்துத் தியானித்தாலும் குறையில்லை. எந்த மொழியில் அழுகிறோமோ அந்த மொழியில் ஜெபிப்பது எளிது.

ஆயினும் தாய்மொழிக்குள்ளும் தாயகத்துக்குள்ளும் ஒளிந்துகொள்வதற்காக இவ்வேளை ஏற்பட்டதன்று. விவிலியத்தில் புலம்பெயர்ந்து வாழ்ந்தோருள் தானியேல் நமக்கு மிக அணுக்கமானவர். இளமையில் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார். அந்நாட்டு மொழியும் இலக்கியமும் கற்றார். அவருக்குப் புதுப் பெயரும் இட்டனர். அரசாங்கத்தில் உயர் அலுவலராகவும் இருந்தார். நாள்தோறும் மூன்று முறை தம் மேல்வீட்டு அறையில், எருசலேமை நோக்கித் திறந்த சன்னலின் முன் முழந்தாளிட்டார். துறவி சலிப்பினால் எட்டிப் பார்த்த சன்னலும் ஒரு சன்னல். இதுவும் ஒரு சன்னல். தானியேல் அதன்முன் வேண்டிவிட்டு, எழுந்து பாபிலோனின் வேலையைப் பழுதறச் செய்தார். அவரிடம் குற்றம் காண முயன்ற உடன் அலுவலருக்குக் குற்றம் ஒன்றும் அகப்படவில்லை.

அதே பாபிலோனில் இருந்தோர்க்கு இறைவாக்கினர் எரேமியா எருசலேமிலிருந்து கடிதம் ஒன்று எழுதினார். விரைவில் ஊர் திரும்பிவிடலாம் என்று சிலர் இனிக்க இனிக்கச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. எரேமியா அவ்வாறு எழுதவில்லை. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் செய்து வையுங்கள் என்றார். நீங்கள் இருக்கும் நகரத்தின் நலத்தை நாடி அதற்காக வேண்டிக்கொள்ளுங்கள்; அதன் நலத்தில்தான் உங்கள் நலமும் இருக்கிறது என்றார். தங்களைச் சிறைபிடித்த நகரத்துக்காக வேண்டுவது எளிய செயலா? நம்மில் பலர் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் வேண்டிக்கொள்வோம். குடியிருக்கும் தெருவின் பெயரை ஜெபத்தில் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டோம். அடுத்த வீட்டு மராத்தியக் குடும்பத்தையும், பால் கொண்டு வருபவரையும், நம்மைக் கடிந்த அதிகாரியையும் பெயர் சொல்லி நினைக்கத் தொடங்கினால் அந்நகரம் சிறிது சிறிதாக அயலூராக இராமல் போகும்.

ஓர் எச்சரிக்கையும் கூறுவது கடன். பல வாரம் தொடர்ந்து உறக்கமின்மை, எதிலும் விருப்பமின்மை, உயிர் வாழவே வெறுப்பு ஆகியவை காணப்படின் அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். எலியாவுக்கு முதலில் அடை கொடுத்த இறைவன் இன்று மாத்திரை கொடுப்பதைப் பக்திக் குறைவென்று எண்ண வேண்டியதில்லை. தனித்திருப்பது அத்தகையோரின் துயரைச் சில வேளை மிகுவிக்கவும் கூடும். அவர்க்கு அப்போது வேண்டுவது உடனிருப்பவர்.

நாள்தோறும் கால் மணி நேரம் பழகியவர்க்கு ஆண்டில் இரண்டொரு நாள் முழுதும் ஒதுங்கியிருக்கும் விருப்பம் எழும். நம் நாட்டில் அதற்கு ஆசிரம முறையே பெரிதும் கைகொடுத்தது. சவரிராயன் ஏசுதாசன், பாரஸ்டர் பேட்டன் என்னும் மருத்துவர் இருவர் 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். ஜெபமும் நோயாளர் பணியும் அங்கே ஒருங்கே நடந்தன. புனேயில் கிறிஸ்த பிரேம சேவா ஆசிரமம் அப்பத்தாண்டிலேயே தோன்றியது. கேரளத்தில் வாகமண் மலைமீது 1958-இல் அமைந்த குரிசுமலை ஆசிரமத்துத் துறவியர் பால்பண்ணை நடத்திக்கொண்டே மௌனம் காத்தனர். மைசூரில் சாமுண்டி மலையடியில் உள்ள அஞ்சலி ஆசிரமத்தை 1979-இல் தொடங்கிய அமலோற்பவதாஸ் அடிகள் தமிழர். விடுமுறையில் ஊர் வருவோர், குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் 1950-இல் தோன்றிய சாந்திவனத்தையும் அறிந்திருப்பர். விடுமுறை முழுதும் உறவினர் வீடுகளுக்கு ஓடியே தீர்ந்துபோய், வந்ததைவிடக் களைத்துத் திரும்புவோர் அதில் ஒரு நாளை அங்கே கழிக்கலாம்.

தில்லித் தமிழர்க்கு அண்மையில் உள்ளது சாத்தால். காத்கோதாம் வரை புகைவண்டி; அதன்பின் பீம்தால் வழியாக மலைப்பாதை. ஸ்டான்லி ஜோன்ஸ் என்னும் அமெரிக்க ஊழியர் 1930-இல் ஏரிக்கரையில் அங்கே ஆசிரமம் தொடங்கினார். பட்டம் பதவிகளை வாயிலிலே விட்டுவிட்டு ஒருவரையொருவர் சகோதரர், சகோதரி என்றே அழைப்பது அவர் வகுத்த வழக்கம். வந்தவுடன் ஒவ்வொருவரும், எதற்காக வந்தேன், எனக்கு என்ன தேவை என்று மனந்திறந்து சொல்வர். குறித்த நேரத்தில் அனைவரும் மௌனம் காப்பர். ஒரு வேளை கைவேலை செய்வர். துப்புரவுப் பணியாளருக்கு ஒரு நாள் விடுமுறை கொடுத்து, அவருடைய வேலையை ஆசிரமத்தார் தாமே பகிர்ந்து செய்வதும் உண்டு. இத்தகைய இடங்களுக்குப் போக விரும்புவோர் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, தங்க இடமுண்டா, மௌன நாட்கள் எவை, பிற சமயத்தாரும் வரலாமா என்று அறிந்துகொள்வது நலம். மலைக்குப் போகிறவர்கள் கம்பளி எடுத்துச் செல்ல வேண்டும். புத்தகம் ஒன்று போதும்.